முதல் வாக்குக்கு முன்பே விழும் பெயர்கள்

1991 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில் ஒரு வாடகை விமானம் புறப்படத் தயாராக நின்றது. போக வேண்டிய இடம் அதிக தூரமில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் தலைநகரான கன்கார்ட். அங்கே மாலை ஐந்து மணிக்குள் மனுவையும் ஆயிரம் டாலர் கட்டணத்தையும் சேர்த்துவிட்டால், ஆளுநர் மரியோ குவோமோ ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கிவிட்டார் என்று பொருள். பல மாதங்களாகக் கட்சிக்காரர்களும் பத்திரிகையாளர்களும் அந்த ஒரு முடிவுக்காகத்தான் காத்திருந்தார்கள். கெடு நெருங்கிய வேளையில் குவோமோ செய்தியாளர்கள் முன் வந்தார். மாநில பட்ஜெட் சிக்கல் தீராமல் கிடக்கிறது, அதைப் போட்டுவிட்டு வர முடியாது என்றார். விமானம் புறப்படவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு, ஒரு வாக்குகூடப் பதிவாகாத நிலையில், 1992ஆம் ஆண்டுத் தேர்தலின் வடிவமே மாறிப்போனது. அதுவரை அர்க்கன்சாஸ் என்ற சிறிய மாநிலத்தின் ஆளுநராக இருந்த பில் கிளிண்டனுக்கு வழி திறந்தது. பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்கள் சாவடிக்குப் போனபோது அச்சிட்ட சீட்டில் குவோமோ பெயர் இல்லை. விடாப்பிடியாக இருந்த சிலர் அதைக் கையால் எழுதிப் போட்டார்கள்.

அமெரிக்க அதிபர் தேர்தலைக் கவனிக்கும் தமிழ் வாசகருக்கு நவம்பர் மாத வாக்குப்பதிவு நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் கட்சிகளுக்குள் மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரி தேர்தலும் ஓரளவு தெரியும். அதற்கும் முன்னால் ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு, ஒரு காய் நகர்த்தல் நடக்கிறது. பணம் திரட்டுவது, ஆட்களை வளைப்பது, புத்தகம் எழுதுவது, அயோவாவுக்குப் போய்வருவது, போட்டியிடுவேன் என்றும் சொல்லாமல் போட்டியிட மாட்டேன் என்றும் சொல்லாமல் நாளைக் கடத்துவது எல்லாம் அதில் அடக்கம். ஆர்தர் ஹாட்லி என்ற பத்திரிகையாளர் 1976இல் இதற்குக் ‘கண்ணுக்குத் தெரியாத பிரைமரி’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கட்டத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், வெற்றியாளரைத் தீர்மானிப்பதே இதுதான் என்கிறார்கள். இன்னொரு சாரார், இது வெறும் பரபரப்பு, மக்கள் வாக்களிக்கும்போது எல்லாம் தலைகீழாகிவிடும் என்கிறார்கள். சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை. இந்தக் கட்டத்துக்கு ஒருவரை வெல்லவைக்கும் சக்தி குறைவு. ஒருவரை இல்லாமல் ஆக்கும் சக்தி மிக அதிகம். வாக்காளர் முன் வைக்கப்படும் தட்டில் எது இருக்கும் என்பதைவிட, எது எடுக்கப்பட்டுவிடும் என்பதை அது முடிவு செய்கிறது. அந்த முடிவை எடுப்பவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் என் கவலை.

இந்த நிலை எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி 1920 முதல் நாட்டில் முதலாவதாக நடந்துவருகிறது என்றாலும், நீண்ட காலம் பிரைமரிகள் ஒரு பலப்பரீட்சையாக மட்டுமே இருந்தன. வேட்பாளரைத் தீர்மானித்தவர்கள் மாநிலக் கட்சித் தலைவர்களும் நகர மேயர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும்தான். 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரே ஒரு பிரைமரியில்கூட இறங்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். வியட்நாம் போரை எதிர்த்துப் பிரைமரிகளில் வாக்களித்த லட்சக்கணக்கானோரின் குரல் சிகாகோ மாநாட்டில் எடுபடவில்லை. வெளியே தெருக்களில் காவல்துறையின் தடி பேசியது. அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் மெக்கவர்ன்–ஃபிரேசர் ஆணையம். மாநாட்டுப் பிரதிநிதிகள் வாக்காளர் பங்கெடுக்கும் வெளிப்படையான முறையில் தேர்வாக வேண்டும் என்று அது விதி வகுத்தது. அந்த விதிகளை எழுதியதில் முன்னின்ற ஜார்ஜ் மெக்கவர்ன், 1971 ஜனவரியிலேயே தன் வேட்புமனு முடிவை அறிவித்து, அடுத்த ஆண்டு அதே விதிகளைக் கொண்டு கட்சியின் வேட்பாளரும் ஆனார். கதவடைத்த அறையில் இருந்த அதிகாரம் தெருவுக்கு வந்துவிட்டது என்று அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் அதிகாரத்தின் ஒரு பங்கு தெருவுக்கு வராமல், நாட்காட்டியில் பின்னோக்கி நகர்ந்து, யாரும் வாக்களிக்காத ஒரு காலத்துக்குள் போய் அமர்ந்துகொண்டது.

அந்தப் பின்னோக்கிய நகர்வைத் தேதிகளிலேயே காணலாம். ஜான் கென்னடி 1960 நவம்பர் தேர்தலுக்கு அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் தேதிதான் அறிவித்தார். ஒபாமா 2008 தேர்தலுக்கு 2007 பிப்ரவரியில் அறிவித்தார். டிரம்ப் 2024 தேர்தலுக்கு 2022 நவம்பர் 15ஆம் தேதியே இறங்கிவிட்டார். மேரிலாந்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டெலானியின் கதை இன்னும் வருத்தமானது. 2020 தேர்தலுக்கு அவர் 2017 ஜூலையிலேயே அறிவித்தார். அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் ஒன்று விடாமல் போனார். இரண்டரை ஆண்டு உழைப்புக்குப் பிறகு, அயோவா வாக்களிக்க மூன்று நாள் இருக்கும்போது விலகினார். மக்கள் அவரை நிராகரித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவரைப் பற்றி மக்களிடம் கேட்கப்படவே இல்லை.

அயோவாவுக்கு ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்? 1972 முதல் அங்கே நடக்கும் காகஸ் என்ற வட்டாரக் கூட்டங்கள்தான் முதல் போட்டி என்பது வழக்கமானது; ஜனநாயகக் கட்சி 2024இல்தான் அதைக் கைவிட்டது. 1976 ஜனவரியில் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் அங்கே சுமார் 28 சதவீதம் பெற்றார். உண்மையில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்கள் அவரைவிட அதிகம். ஆனாலும் பெயருள்ள வேட்பாளர்களில் அவரே முதல் என்பது நாடெங்கும் செய்தியானது. ஓராண்டுக்கு மேலாக அவர் ஆதரவாளர்களின் வீடுகளில் தங்கி, ஊர் ஊராகச் சுற்றியதன் பலன் அது. அன்றிலிருந்து அந்தப் பாதையை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் டெமாய்ன் நகரில் நடக்கும் அயோவா மாநிலக் கண்காட்சிக்குப் போனால் அந்தக் காட்சியை நேரில் பார்க்கலாம். வைக்கோல் கட்டுகள் போட்ட மேடையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். வெண்ணெயில் செதுக்கிய பசுவின் முன் நிற்க வேண்டும். குச்சியில் செருகிய பன்றி இறைச்சியைக் கடித்தபடி படமெடுத்துக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த வேட்பாளரின் பெயர் ஒட்டிய ஜாடியில் ஒரு சோள மணியைப் போடுவார்கள். அதையும் எண்ணிச் செய்தி வாசிப்பார்கள். எளிய விவசாயி ஒருவர் எதிர்கால அதிபரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இந்த இடத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் நேர்மையான பகுதி அதுவே.

நேர்மை குறையும் இடம் கணக்குப் புத்தகம். அமெரிக்கச் சட்டத்தில், போட்டியிடலாமா என்று ஆழம் பார்ப்பவர் வேட்பாளர் ஆகமாட்டார். வேட்பாளருக்குரிய கட்டுப்பாடுகள் முழுமையாக அவர் மேல் வருவதில்லை. 2010இல் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ‘சூப்பர் பேக்’ எனப்படும் அமைப்புகள் தனிநபர்களிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் எவ்வளவும் வாங்கலாம் என்றாகிவிட்டது. முக்கிய நிபந்தனை, வேட்பாளரோடு அவை கலந்து செயல்படக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது ஒரு பெரிய ஓட்டை. ஃபுளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ் 2014 டிசம்பரில், போட்டி பற்றித் தீவிரமாக ஆராய்கிறேன் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் ஆறு மாதம் ‘வேட்பாளர் இல்லை’ என்ற நிலையிலேயே தன் ஆதரவு அமைப்புக்காகப் பணம் திரட்டும் கூட்டங்களுக்குப் போய்வந்தார். 2015 ஜூன் 15ஆம் தேதிதான் முறைப்படி அறிவித்தார். அந்த ஆண்டின் முதல் பாதியிலேயே அந்த அமைப்பு பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டிவிட்டது. அதே காலத்தில் ஒரு சாதாரணக் குடிமகன் வேட்பாளரிடம் நேரடியாகத் தரக்கூடிய உச்சவரம்பு 2,700 டாலர்.

இங்கே முதல் மறுப்பு எழும். அந்தப் பணம் ஜெப் புஷ்ஷுக்கு என்ன செய்தது? அயோவாவில் மூன்று சதவீதத்தைக்கூட அவர் எட்டவில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று தென் கரோலினா தோல்விக்குப் பிறகு விலகினார். நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பரில் தாமதமாக இறங்கித் தன் சொந்தப் பணத்தில் நூறு கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டார். அவர் வென்ற ஒரே இடம் பசிபிக் கடலின் நடுவில் உள்ள அமெரிக்க சமோவா. அப்படியானால் பணத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? மறுப்பு நியாயமானது, நான் சொல்வதற்கு அது துணையும்கூட. பணம் வெற்றியை வாங்கித் தராது. ஆனால் பணம் இல்லாமல் இருப்பது முதல் வாக்கு வரை உயிரோடு இருக்கவிடாது. எலிசபெத் டோல் இதற்குச் சான்று. இரண்டு முறை அமைச்சராக இருந்தவர், செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவராக இருந்தவர், 1999 ஆகஸ்டில் அயோவாவின் மாதிரி வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றவர். ஆனால் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அந்த ஆண்டின் பாதிக்குள்ளேயே மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தார். பணத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை என்று சொல்லி டோல் அக்டோபரிலேயே விலகினார். குடியரசுக் கட்சியின் பெண் வாக்காளர் ஒருவருக்கு, ஒரு பெண்ணை அதிபர் வேட்பாளராக்கலாமா என்ற கேள்விக்கு அந்த ஆண்டு பதில் சொல்லும் வாய்ப்பு வரவில்லை.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்து பெர்க்லி போன சியாமளா கோபாலனின் மகள். 2019 ஜனவரி 27 அன்று கலிபோர்னியாவின் ஓக்லண்டில் அவர் பிரச்சாரத்தைத் தொடங்கியபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். முன்னணி வேட்பாளர் என்று எல்லோரும் எழுதினார்கள். ஜூன் மாத விவாதத்தில் ஜோ பைடனைத் திணறவைத்தபோது கருத்துக்கணிப்பில் அவர் பெயர் மேலே ஏறியது. டிசம்பர் 3ஆம் தேதி, தொடர்ந்து நடத்தப் பணமில்லை என்று சொல்லி விலகினார். முதல் வாக்குக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவருடைய பிரச்சாரக் குழுவுக்குள் பூசல் இருந்தது, மருத்துவக் காப்பீடு பற்றிய அவர் நிலைப்பாடு தெளிவாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறைகளுக்காக வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்திருந்தால் அது முறையான தோல்வி. அவரை அடுத்து, லத்தீன் வம்சாவளி வேட்பாளரான ஹூலியான் காஸ்ட்ரோ ஜனவரி தொடக்கத்தில் விலகினார். பிறகு கறுப்பின செனட்டர் கோரி புக்கர் விலகினார். அதுவரை ஜனநாயகக் கட்சி கண்டதிலேயே பல இன, பல நிற வேட்பாளர்கள் நிறைந்த போட்டி என்று பெருமையாகத் தொடங்கிய களம் அது. 2020 ஜனவரி 14ஆம் தேதி டெமாய்னில் நடந்த விவாத மேடையில் நின்ற ஆறு பேரும் வெள்ளையர்கள். அவர்களில் ஒருவர் தன் சொந்தப் பணத்தில் போட்டியிட்ட பெருங்கோடீஸ்வரர் டாம் ஸ்டையர். வாக்காளர் யாரும் அந்த மேடையை அப்படிச் சுருக்கவில்லை.

மேடையைச் சுருக்கும் இன்னொரு கருவி கருத்துக்கணிப்பு. 2015 ஆகஸ்ட் 6ஆம் தேதி குடியரசுக் கட்சியின் முதல் விவாதம் கிளீவ்லாந்தில் நடந்தது. பதினேழு பேர் களத்தில் இருந்தார்கள். ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்துப் பேருக்கு மட்டும் இரவு மேடை. மீதிப்பேருக்கு மாலை ஐந்து மணிக்கு, பார்வையாளர் குறைந்த அரங்கில் தனி விவாதம். டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலத்தை 14 ஆண்டு ஆண்ட ரிக் பெர்ரி மாலை மேடைக்குத் தள்ளப்பட்டார். ஒரு மாதத்தில் விலகினார். கணிப்புகளுக்கு மூன்று நான்கு சதவீதம் பிழை வரம்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் உள்ள இடைவெளி அந்தப் பிழை வரம்புக்குள்ளேயே இருக்கும். அளவுகோலின் துல்லியத்தைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்து ஒருவரின் அரசியல் விதியை எழுதுவது எந்த அறிவியலிலும் ஏற்கப்படாது. 2019இல் ஜனநாயகக் கட்சி இதைத் திருத்தப் பார்த்தது: மூன்று கணிப்புகளில் ஒரு சதவீதம், அல்லது 65,000 நன்கொடையாளர்கள் என்று முதல் விவாதத்துக்கு வரம்பு வைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் நாள் போகப் போக வரம்பு உயர்ந்தது. புதிய நன்கொடையாளர்களைச் சேர்ப்பதற்கான விளம்பரத்துக்கே பணத்தைக் கொட்ட வேண்டிய நிலை வேட்பாளர்களுக்கு வந்தது.

ஸ்காட் வாக்கரின் கதையில் பணமும் கணிப்பும் ஒன்றாகச் சேர்ந்தன. விஸ்கான்சின் ஆளுநரான அவர் 2015 தொடக்கத்தில் அயோவா கணிப்புகளில் முதலிடத்தில் இருந்தார். ஜூலையில் அறிவித்தார், விவாதங்களில் சோபிக்கவில்லை, செப்டம்பரில் ஒரு தேசியக் கணிப்பில் அவருக்கு அரை சதவீதம்கூட இல்லை. எழுபதே நாளில், செப்டம்பர் 21 அன்று, போட்டியை விட்டு வெளியேறினார். அவருடைய ஆதரவு சூப்பர் பேக்கிடம் கோடிக்கணக்கில் பணம் இருந்தது. சட்டப்படி அதை எடுத்து அவரது பிரச்சார ஊழியர்களுக்குச் சம்பளம் தர முடியாது. விளம்பரத்துக்குப் பணம் இருக்க, அலுவலக வாடகைக்கு இல்லாத நிலை. பெரும் பணக்காரர்களின் ஆதரவு எவ்வளவு கோணலான ஆதரவு என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

அடுத்த மறுப்பு டொனால்டு டிரம்ப். 2015 ஜூன் 16ஆம் தேதி அவர் அறிவித்தபோது கட்சியின் ஆளுநர்களோ செனட்டர்களோ ஒருவர்கூட அவர் பக்கம் இல்லை. 2016 பிப்ரவரியில் வாக்குப்பதிவு தொடங்கிய பிறகுதான் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும் செனட்டர் ஜெஃப் செஷன்சும் வந்தார்கள். கட்சிப் பெரியவர்களின் முன்கூட்டிய ஆதரவே வேட்பாளரைத் தீர்மானிக்கிறது என்று 2008இல் நான்கு அரசியல் அறிஞர்கள் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு நூலின் கணிப்பை அவர் பொய்யாக்கினார். அதற்கு முன்பும் விதிவிலக்குகள் உண்டு. 2007 கோடையில் ஜான் மெக்கெய்னின் பிரச்சாரம் பணமின்றி நொறுங்கியது. அடுத்த ஆண்டு அவரே வேட்பாளர். அதே நேரம் எல்லோரும் முடிசூட்டக் காத்திருந்த ஹிலாரி கிளிண்டனை ஒபாமா வென்றார். ஆகவே முன்கூட்டிய காய் நகர்த்தல் பலமற்றது என்று முடிவுகட்டலாமா? ஒவ்வொன்றையும் உற்றுப் பார்க்க வேண்டும். டிரம்ப் தன் பணம், தன் முகப்பிரபலம், கட்டணமில்லாத தொலைக்காட்சி நேரம் ஆகியவற்றோடு வந்தார். வடிகட்டும் சல்லடை அவரைப் பிடிக்கவே இல்லை. ஒபாமா 2007இன் முதல் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி டாலர் திரட்டி, ஹிலாரிக்கு நிகராக நின்றார். செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீடே அவரைப் போட்டியிடச் சொன்னவர்களில் ஒருவர். மெக்கெய்ன் நாடறிந்த போர்வீரர். 2000இல் நியூ ஹாம்ப்ஷயரை வென்றவர். முன்னணியில் இருப்பவர் தோற்கலாம், பின்னால் இருப்பவர் வெல்லலாம் என்று இவை காட்டுகின்றன. சல்லடை இல்லை என்று காட்டவில்லை. சல்லடையைத் தாண்ட ஏற்கெனவே பெயரோ பணமோ வேண்டும் என்றுதான் காட்டுகின்றன.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த நீண்ட காலம் ஒரு சோதனைக் களம் என்பது அது. அதிபர் பதவி உலகிலேயே ஆபத்தான அதிகாரத்தைக் கையில் தருகிறது. அதற்கு வருபவரை இரண்டாண்டு உரசிப் பார்ப்பதில் என்ன தவறு? 1987 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் முன்னணி வேட்பாளர் கேரி ஹார்ட் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு பற்றிய செய்தியால் விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜோ பைடன், பிரிட்டிஷ் தலைவர் ஒருவரின் பேச்சைத் தன் பேச்சாக்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் விலகினார். 2011 நவம்பரில் ரிக் பெர்ரி, தான் மூடப்போவதாகச் சொன்ன மூன்று துறைகளில் மூன்றாவதன் பெயரையே மறந்து மேடையில் நின்றார். இவை உண்மையான சோதனைகள். ஆனால் இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாம் வெளிச்சத்தில் நடந்தன. வாக்காளர் பார்த்தார், கேட்டார், எடைபோட்டார். நான் எதிர்ப்பது அந்தச் சோதனையை அல்ல. காசோலை எழுதுபவர் போனை எடுக்காமல் விட்டதால் ஒரு பிரச்சாரம் மூடப்படும்போது அங்கே எந்தக் குணமும் சோதிக்கப்படவில்லை.

சோதனை தேவை என்பவர்களுக்கு 2024ஐ நினைவூட்ட வேண்டும். பைடன் 2023 ஏப்ரல் 25ஆம் தேதி மறுபடியும் போட்டியிடுவதாக அறிவித்தார். அவருடைய வயதைப் பற்றி அவர் கட்சி வாக்காளர்களே கவலைப்பட்டதைக் கணிப்புகள் தொடர்ந்து சொல்லின. பெயருள்ள ஆளுநரோ செனட்டரோ ஒருவரும் எதிர்த்து நிற்கவில்லை. நின்றால் பணம் வராது, எதிர்காலம் கெட்டுவிடும் என்ற பயம் எல்லோரையும் உட்காரவைத்தது. பதவியில் இருந்த அரசியல்வாதிகளில் மினசோட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர் டீன் பிலிப்ஸ் மட்டும் 2023 அக்டோபர் இறுதியில் இறங்கினார். ஃபுளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்தது. அங்கே பிரைமரியே நடக்கவில்லை. 2024 ஜூன் 27 விவாதத்தில் நாடே பார்த்ததைக் கட்சிக்காரர்கள் முன்பே ஒரு விவாத மேடையில் பார்த்திருக்கலாம். ஜூலை 21 அன்று அவர் விலகினார். அடுத்த ஒன்றிரண்டு நாளில் கமலா ஹாரிஸ் தேவையான பிரதிநிதிகளைச் சேர்த்துவிட்டார். 2019இல் ஒரு வாக்கும் பதிவாகுமுன் விலகியவர், 2024இல் பிரைமரியில் ஒரு வாக்கும் கேட்காமல் வேட்பாளரானார். நாடறிந்த இந்தப் பெண்ணைப் பற்றி, களத்தில் இருக்கும் வேட்பாளராக, இரண்டு முறையும் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் பிரைமரியில் கேட்கப்படவில்லை. அவரை விரும்பியவர்களுக்கும் அது அநீதி, விரும்பாதவர்களுக்கும் அநீதி, அவருக்கும் அநீதி.

கட்சிப் பெரியவர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுப்பதே மேல், அவர்களுக்கு ஆளைத் தெரியும் என்றும் ஒரு வாதம் உண்டு. 2020 பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தந்ததும், தென் கரோலினாவில் அவர் பெருவெற்றி பெற்றதும், மார்ச் 3ஆம் தேதிக்குள் போட்டியாளர்களான பூட்டஜஜும் குளோபுச்சாரும் வழிவிட்டதும் அதற்குச் சாட்சியாகச் சொல்லப்படும். ஆனால் அங்கே வரிசையைப் பாருங்கள். அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம், நெவாடாவில் இரண்டாமிடம் என்று மூன்று மாநிலங்கள் பேசிய பிறகு, தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களை அறிந்த ஒருவர் வாய் திறந்தார். பெரியவர்களின் சொல் வாக்காளரோடு உரையாடியபோது அது பயன்பட்டது. 2015இலோ முதல் வாக்குக்கு முன்பே மாநாட்டில் தாம் விரும்பியவருக்கு வாக்களிக்கும் உரிமை பெற்ற கட்சிப் பிரமுகர்களான 700க்கும் மேற்பட்ட சூப்பர் டெலிகேட்டுகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஹிலாரி பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கசப்பு பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்களிடம் ஆறவே இல்லை. 2018இல் கட்சி விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்று என்ன? ஒரே நாளில் நாடு முழுவதும் பிரைமரி என்பது நல்ல யோசனை போலத் தெரியும். நடைமுறையில் அது முன்கூட்டிய பணத்தின் ஆட்சியை முழுமையாக்கிவிடும். சிறிய மாநிலத்தில் தொடங்குவதுதான் சரி, எப்போதும் அதே சிறிய மாநிலம் என்பதுதான் தவறு. அதைவிட முக்கியம், ஒருகாலத்தில் பலன் தந்து பிறகு கைவிடப்பட்ட ஒரு ஏற்பாடு. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 20 மாநிலங்களில் தலா 5,000 டாலர் சிறு தொகைகளாகத் திரட்டிக் காட்டும் பிரைமரி வேட்பாளருக்கு, ஒவ்வொரு நன்கொடையிலும் முதல் 250 டாலருக்கு ஈடாக அரசு பணம் தந்தது. பதிலுக்குச் செலவு வரம்பை ஏற்க வேண்டும். யாரென்றே தெரியாத கார்ட்டர் 1976இல் பெரிய தலைகளோடு போட்டியிட முடிந்ததில் இதற்குப் பங்கு உண்டு. ரீகன், டுகாகிஸ், கிளிண்டன், பாப் டோல் என்று இரு கட்சியினரும் அதை ஏற்றார்கள். 1999இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதை மறுத்து, செலவு வரம்புக்குக் கட்டுப்படாமல் திரட்டினார். அவர் வென்றதும் மற்றவர்களும் மறுத்தார்கள். ஈடுதொகை காலத்துக்கேற்ப உயர்த்தப்படாமல், செலவு வரம்பு உண்மையான செலவுக்குப் போதாமல் திட்டம் காய்ந்துபோனது.

அது காய வேண்டியதில்லை என்று காட்டிய ஊர் நியூயார்க். அந்நகரின் தேர்தலில் உள்ளூர்வாசி தரும் சிறு நன்கொடைக்கு எட்டு மடங்கு பொதுப்பணம் சேர்கிறது. வாக்காளர் விருப்ப வரிசைப்படி பலரைக் குறிக்கலாம். 2025 மேயர் பிரைமரியின் தொடக்கக் கணிப்புகளில் ஜோஹ்ரான் மம்தானிக்கு ஒற்றை இலக்க ஆதரவுதான். அவரை எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ குவோமோவுக்குப் பெயர் இருந்தது, அவருக்காக இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவிட்ட சூப்பர் பேக் இருந்தது. ஆல்பனியில் நின்ற விமானத்தில் ஏறாமல் போன மரியோ குவோமோவின் மகன் அவர். ஜூன் 24 பிரைமரியில் மம்தானி வென்றார். அவருடைய கொள்கைகளை ஏற்கலாம், எதிர்க்கலாம், எதிர்ப்பவர்களும் பலர். ஆனால் நகர மக்களிடம் கேள்வி போய்ச் சேர்ந்தது, அவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு நகரத்தில் நடந்தது ஒரு நாட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மைதான். நாடளவில் சூப்பர் பேக்கின் கை இன்னும் நீளம். இருந்தாலும் முதல் வாக்கு வரை வேட்பாளரைத் தாங்கிப்பிடிக்க ஒரு வழி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

2028க்கான காய்கள் ஏற்கெனவே நகர்ந்துவிட்டன. 2025 மார்ச்சில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் குடியரசுக் கட்சியின் நிதிக்குழுத் தலைவரானார். பதவியிலிருக்கும் துணை அதிபர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல் முறை. ஏப்ரலில் இல்லினாய் ஆளுநர் பிரிட்ஸ்கர் நியூ ஹாம்ப்ஷயரில் பேசினார். மே மாதம் பூட்டஜஜ் அயோவாவில் கூட்டம் நடத்தினார். ஜூலையில் கலிபோர்னியா ஆளுநர் நியூசம் தென் கரோலினாவின் சிற்றூர்களைச் சுற்றினார். நியூ ஜெர்சியில் வாழும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அமெரிக்க வாக்குரிமை உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த மாதங்களை வேடிக்கை பார்த்துக் கழிக்காதீர்கள். பிடித்த ஒருவர் இருந்தால் இருபது டாலரை இப்போதே அனுப்புங்கள், அவர் பேசும் கூட்டத்துக்கு இப்போதே போங்கள். உங்கள் மாநிலத்தின் பிரைமரி 2024இல் ஜூன் 4ஆம் தேதி நடந்தது. பைடனும் டிரம்பும் தங்களுக்குத் தேவையான பிரதிநிதிகளை மார்ச் 12ஆம் தேதியே சேர்த்துவிட்டிருந்தார்கள்.